ஜாய்ஸ்டிக்கில் நடு இடம்தான் முதலில் தேயும்

கணினித் திரையில் சுபாங் விமான நிலையம், ஓடுபாதை 15. செஸ்னா 172 என்ற சின்ன விமானம். இருநூறு அடி உயரம். காற்றே இல்லாத வானிலையை நானே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். இருந்தும் விமானத்தின் மூக்கு மெல்ல இடது பக்கம் இழுக்கும். ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடியை வலது பக்கம் முறுக்குவேன், ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் முறுக்குவேன், அப்போதும் இல்லை. அதற்கு மேல் மயிரிழை கூடினால் போதும், மூக்கு ஒரேயடியாக வலது பக்கம் பாயும். ஓடுபாதையை விட்டுப் பக்கத்துப் புல்லில் நான் இறங்கிய தடவைகளுக்குக் கணக்கே கிடையாது.

அந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கியது 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில். கோலாலம்பூரில், செந்தூல் ஃப்ளாட்டில் அடைந்து கிடந்தேன். அந்த ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட்டின் புதிய ஃப்ளைட் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டும் விளையாட்டு, வந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைச் சுபாங்குக்கு விமானம் பார்க்க அழைத்துப் போவார். 1998-இல் புதிய பன்னாட்டு விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. திறப்பதற்கு முந்திய கதை அது. அந்தப் பழைய ஆசைதான் வாங்க வைத்தது. விலை குறைந்த ரகம்தான். முன்பின் தள்ளினால் மூக்கு ஏறி இறங்கும், பக்கவாட்டில் சாய்த்தால் விமானம் சாயும், கைப்பிடியை முறுக்கினால் ரடர், அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கான், திரும்பும்.

ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் மூக்கு இழுக்க ஆரம்பித்தது. நானும் எல்லாரும் செய்வதைச் செய்தேன். விளையாட்டின் அமைப்புக்குள் போய் டெட் ஸோனை ஐந்து சதவீதமாக வைத்தேன். நடு இடத்தில் இந்த அளவுக்குள் என்ன நடுங்கினாலும் கண்டுகொள்ளாதே என்று கணினியிடம் சொல்வதுதான் டெட் ஸோன். இழுப்பு நின்றது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. எட்டாக்கினேன், பன்னிரண்டாக்கினேன், கடைசியில் பதினெட்டில் நின்றது. பதினெட்டு சதவீதம் செத்த இடம் என்றால், தரையிறங்கும்போது தேவைப்படும் சின்னச் சின்ன அசைவு எல்லாமே அந்தச் செத்த இடத்துக்குள்தான் விழும். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வலியை மறைக்கும் மாத்திரை மாதிரி அந்த டெட் ஸோன் கோளாறை மறைத்தே வைத்திருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மாமா. செந்தூலில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். தட்டை டிவி வந்ததும் கடையை மூடிவிட்டார். ஒரு தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தவர், என் அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். டெட் ஸோனைச் சுழியமாக்கி, ரடர் அளவைக் காட்டும் பட்டையை அவருக்குக் காட்டினேன். நான் கையே வைக்காத ஜாய்ஸ்டிக்கில் அந்தப் பட்டை துடித்துக்கொண்டிருந்தது.

“என்னடா இது, வால்யூம் தேஞ்ச ரேடியோ மாதிரி கரகரங்குது?”

“மாமா, இது சத்தமில்லை, அசைவு.”

“எல்லாம் ஒண்ணுதான். உள்ள பொட் இருக்கும், கழட்டு.”

பொட் என்று அவர் சொன்னது பொட்டன்ஷியோமீட்டரை. கடைகளிலும் அதே பேர்தான். குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு கரித் தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு சின்ன உலோகத் தகடு, மூன்று கால்கள். இரண்டு ஓரக் கால்களுக்கு இடையே ஐந்து வோல்ட் கொடுத்தால், நடுக்காலில் வரும் வோல்ட் தகடு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மாறும். ஜாய்ஸ்டிக்கின் சிப் அந்த வோல்ட்டை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்கு அடியில் இருப்பதும் இதுதான். அங்கே தடம் தேய்ந்தால் கரகரப்பு, இங்கே தேய்ந்தால் நடுக்கம்.

ஒரு வித்தியாசம் உண்டு. வால்யூமை ஒரு நாளைக்கு இரண்டு தடவை திருப்புவோம். ஜாய்ஸ்டிக் ஸ்பிரிங்கால் எப்போதும் நடுவுக்கே திரும்பி வருகிறது, கையும் நடுவைச் சுற்றியே நடுங்குகிறது. ஒரு தரையிறக்கத்தில் நான் எத்தனை தடவை கைப்பிடியை அசைக்கிறேன் என்று பிறகு ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், இருநூறைத் தாண்டியது. அத்தனையும் தடத்தின் நடுவில் ஒரு சில டிகிரிக்குள். ஓரங்கள் கன்னி கழியாமல் இருக்க, நடு மட்டும் பள்ளமாகிவிடும்.

பிரிக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூ.எஸ்.பி. கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டும். எல்லா ஸ்குரூவையும் கழற்றியும் அடித்தட்டு வரவில்லையென்றால் ரப்பர் பாதங்களுக்கு அடியிலும், ஸ்டிக்கருக்கு அடியிலும் பாருங்கள். எனக்கு இரண்டு அங்கே ஒளிந்திருந்தன. நடு ஸ்பிரிங் துள்ளும். என்னுடையது அலமாரிக்குப் பின்னால் போய், அதை எடுக்க அலமாரியையே நகர்த்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன், கம்பிகளின் நிறம் தெரியும்படி. நம் ஊர் ஈரத்தில் கைப்பிடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுவென்று ஆகியிருந்தது, கையோடு கையாக ஐஸோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்ததில் அதுவும் போய்விட்டது.

மாமா தன் பழைய முள் மீட்டரைக் கொண்டுவந்தார். சான்வா, கண்ணாடியில் கீறல் விழுந்தது. என்னிடம் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறதே என்றேன். “ரெண்டையும் வெச்சுப் பாரு” என்றார். பொட்டின் கம்பிச் சொருகியைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே மின்தடையை அளந்தோம். தண்டை மெதுவாகத் திருப்பும்போது என் டிஜிட்டல் மீட்டர் 4.6, 4.8, 5.1 என்று நல்ல பிள்ளையாக எண்களைக் காட்டியது. அதே பொட்டில் முள் மீட்டரை வைத்தால், நடு இடத்தைத் தாண்டும்போது முள் சடாரென்று துள்ளி மறுபடி விழுந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்தில். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளக்கிறது, அந்த இடைவெளியில் நடக்கும் துள்ளலைத் தவறவிட்டுவிடும். பொட் பார்ப்பதற்கு மட்டும் நான் இப்போது முள்ளைத்தான் நம்புகிறேன்.

மூன்று பொட்டுக்கும் மூன்று விதமான கதி.

முன்பின் தள்ளும் பொட்டில் வெறும் அழுக்கு. மூடியின் நான்கு தகரக் காதுகளை மெல்ல நிமிர்த்தித் திறந்து, காதுக்குச்சியில் ஐஸோபுரோபைல் தொட்டுத் தடத்தை இலேசாகத் துடைத்ததும் முள் வழுக்கிக்கொண்டு போனது. இங்கே ஒரு பாவமன்னிப்பு. இதற்கு ஆறு மாதம் முன்னால் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெயை இடுக்கு வழியாக இதே ஜாய்ஸ்டிக்குக்குள் அடித்திருக்கிறேன். இரண்டு வாரம் அற்புதமாக வேலை செய்தது. பிறகு அந்த எண்ணெய் தூசியை எல்லாம் வாரிக்கொண்டு, தடத்தின்மேல் கறுப்புப் பசையாக உட்கார்ந்துவிட்டது. திறந்து பார்த்தபோது மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அடிப்பதானால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் என்றே எழுதியிருப்பதைத்தான் அடிக்க வேண்டும், அதுவும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையா என்று டப்பாவைப் படித்துவிட்டு.

பக்கவாட்டுப் பொட்டில் நடுத் தடம் பளபளவென்று தேய்ந்திருந்தது, துடைத்துப் பயனில்லை. அங்கே மாமா செய்த வேலைதான் எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகவும் பிடித்தது, ஒரு காசு செலவில்லை. பொட்டின் தண்டு கிட்டத்தட்ட 300 டிகிரி சுற்றும். ஆனால் ஜாய்ஸ்டிக் சாய்வது இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது டிகிரிதான். மீதித் தடம் சும்மா கிடக்கிறது. பொட் சுற்றாமல் இருக்க அதன் முகத்தில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு துளையில் உட்கார்ந்திருக்கும். மாமா அந்த மூக்கைக் குறட்டால் நறுக்கினார். தண்டு அப்படியே இருக்க, பொட்டின் உடலை மட்டும் அறுபது டிகிரி திருப்பி நட்டை இறுக்கினார். தகடு இப்போது கைபடாத தடத்தின்மேல் நிற்கிறது. நடு என்பது 2.5 வோல்ட்டுக்குப் பதில் மூன்றரை வோல்ட்டில் வந்தது. விண்டோஸில் joy.cpl என்று தட்டினால் ஜாய்ஸ்டிக் அமைப்புப் பெட்டி திறக்கும். அங்கே மறுபடி அளவு திருத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. இது எல்லா ஜாய்ஸ்டிக்குக்கும் பொருந்தாது. சில போர்டுகள் நடு என்றால் பாதி வோல்ட்டுதான் என்று பிடிவாதமாக இருக்கும். அதனால் நட்டை இறுக்குவதற்கு முன், கையால் பிடித்துக்கொண்டு ஒரு தடவை கணினியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கைப்பிடியை முறுக்கும் ரடர் பொட். அதில்தான் எனக்கு எட்டு மாதம் போனது.

முதலில் கம்பி. ரடர் பொட் கைப்பிடிக்குள் இருப்பதால் அதன் மூன்று கம்பிகளும் நடு மூட்டு வழியாக இறங்குகின்றன, ஒவ்வொரு அசைவிலும் மடங்கி நிமிர்கின்றன. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒரு அடையாளம் உண்டு. நடுவைச் சுற்றிச் சின்னதாக நடுங்கினால் பெரும்பாலும் தடத்தின் கோளாறு. திடீரென்று ஒரு பக்கக் கடைசிக்கே ஓடினால் பெரும்பாலும் கம்பி. என்னுடையதில் இரண்டுமே இருந்தன. மீட்டரில் சத்தம் வரும் நிலையை வைத்துக்கொண்டு கைப்பிடியை முன்னால் தள்ளினேன், சத்தம் நின்றது. பின்னால் இழுத்தேன், வந்தது. கம்பியை மாற்றினேன். மாற்றும்போது நிறைய இழைகள் உள்ள மெல்லிய சிலிகான் கம்பியாகப் போட்டு, மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் அளவு தளர்வு விட்டேன்.

கடைசிக்கு ஓடுவது நின்றது, நடுக்கம் நிற்கவில்லை. பொட்டின் உடல் கைப்பிடிக்குள் பள்ளத்தில் பொருந்தியிருந்ததால் மாமாவின் திருப்பும் வித்தையும் எடுபடவில்லை. சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். கோலாலம்பூரில் இதற்கெல்லாம் ஜாலான் பாசார்தான். செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் மாறாமல் புடுவில் இறங்கலாம். வரிசையாகக் கடைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்ன இழுப்பறைகள். பழைய பொட்டைக் காட்டி “பத்து கே” என்றேன், அதாவது பத்து கிலோ ஓம் மின்தடை.

“மாவ் ஏ கா, பி?” என்றார் கடைக்காரர். ஏ வேண்டுமா, பி வேண்டுமா என்று மலாயில் கேட்கிறார்.

“சாமா லா, தவுக்கே.” எல்லாம் ஒன்றுதான் முதலாளி என்றேன்.

“தாக் சாமா” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றை எடுத்துப் பொட்டலம் கட்டினார். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) எண்பது காசு. இரண்டும் ஒன்றில்லை என்று அவர் சொன்ன பிறகும் ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் ஈயம் வைத்து மாட்டினால், இடது பக்கம் இலேசாக முறுக்கினால் ஒன்றுமில்லை, வலது பக்கம் முறுக்கினால் விமானம் பம்பரமாகிறது. பொட்டின் முதுகில் A10K என்று பொறித்திருந்தது. இப்போது நம் பக்கம் கிடைப்பவற்றில் ஏ என்றால் ஒலிக்கானது. மனிதக் காது சத்தத்தை நேர்க்கோட்டில் உணர்வதில்லை, அதனால் வால்யூம் பொட்டைத் தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும்படி செய்கிறார்கள். பாதிச் சுற்றில் அதன் மின்தடை பாதியாக இருக்காது, பத்துப் பதினைந்து சதவீதம்தான் இருக்கும். ஜாய்ஸ்டிக்குக்கு வேண்டியது சீராக ஏறும் பி. மாமாவிடம் சொன்னேன். நாற்பது வருடம் ரேடியோ பார்த்தவர், ஏ-தான் அவருக்குப் பொட், பி என்று ஒன்றைக் கேட்க வேண்டும் என்று சொல்லத் தோன்றவே இல்லையாம். எழுத்தை நம்பாமல் மீட்டரை நம்புவது இன்னும் நல்லது. தண்டைப் பாதியில் நிறுத்தி அளந்தால் 10 கே பொட் 5 கே காட்ட வேண்டும்.

மறுபடி புடு, இந்தத் தடவை B10K. தண்டின் வடிவத்தையும் பார்த்து வாங்கினேன், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் டி வடிவம், ஆறு மில்லிமீட்டர். அருமையாக வேலை செய்தது, ஏழு மாதம். பிறகு அதே நடுக்கம். மலிவான கரித் தடப் பொட்டுகளுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் ஆயுளே பத்து, பதினைந்தாயிரம் சுற்று என்ற அளவில்தான் பல சமயம் இருக்கிறது. என் கை நடுங்கும் கணக்குக்கு அது எம்மாத்திரம்.

நண்பன் ஒருவன் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு ஹால் சென்சார் வைத்த ஜாய்ஸ்டிக்கை வாங்கச் சொன்னான். ஜாய்ஸ்டிக் வேண்டாம், அந்தச் சென்சாரை மட்டும் வாங்குகிறேன் என்று மூன்றாவது தடவையாகப் புடுவில் போய் நின்றேன். காந்தப்புலத்துக்குக் குறுக்கே மின்சாரம் ஓடினால் பக்கவாட்டில் ஒரு சின்ன வோல்ட் பிறக்கும் என்று 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்தார், அந்தப் பேர்தான் இதற்கு. எதுவும் எதையும் உரசுவதில்லை, அதனால் தேய ஒன்றுமில்லை. 49E என்று கேளுங்கள், மூன்று கால், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. காந்தப்புலத்தைப் படிப்படியாக அளக்கும் வகைதான் வேண்டும். இருக்கு, இல்லை என்று மட்டும் சொல்லும் ஹால் சென்சார்களும் பார்க்க அச்சு அசல் இப்படியே இருக்கும், மோட்டார் விசிறிகளில் வருபவை.

சென்சாரை அசையாமல் வைத்து, காந்தத்தைத் தண்டோடு சுற்றவிடுவதுதான் நல்லது, கம்பி மடங்காது. பழைய பொட்டின் குடலை எடுத்துவிட்டுத் தண்டையும் அதன் குழலையும் மட்டும் வைத்துக்கொண்டேன். தண்டின் நுனியில் மாமாவின் தைலப் பாட்டில் மூடியை எப்பாக்ஸியில் ஒட்டினேன். மூடியின் உள் சுவரில் எதிரெதிரே இரண்டு சின்ன நியோடிமியம் காந்தம், ஒன்றையொன்று இழுக்கும் முகங்கள் பார்த்துக்கொள்ளும்படி. தள்ளும் முகங்களை வைத்தால் நடுவில் புலம் அடிபட்டுப் போய்விடும். மூடியின் நடுவில், சுவரைத் தொடாமல், சென்சார். கைப்பிடி நேராக இருக்கும்போது சென்சாரின் தட்டை முகம் காந்தங்களைப் பார்க்கக் கூடாது, விளிம்புதான் பார்க்க வேண்டும். அப்போதுதான் நடுவில் பாதி வோல்ட் வரும். முறுக்கும்போது முகம் மெல்லக் காந்தத்தின் பக்கம் திரும்ப, வோல்ட் ஏறும் அல்லது இறங்கும். இது சைன் வளைவு என்றாலும் முப்பது டிகிரி வரை நேர்க்கோட்டிலிருந்து ஐந்து சதவீதம்கூட விலகாது. என் கைப்பிடி முறுகுவதே ஒரு பக்கம் இருபத்திரண்டுதான்.

இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். பொட்டில் நடுக்கால்தான் சிக்னல். 49E-யில் எழுத்து பொறித்த முகத்தைப் பார்த்து இடமிருந்து வந்தால் ஐந்து வோல்ட், தரை (கிரவுண்ட்), சிக்னல், அதாவது நடுக்கால் தரை. பழைய சொருகியை அப்படியே மாட்டிய முதல் சென்சார் போய்ச் சேர்ந்தது. அடுத்தது சூடு. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் வலுவை இழக்கத் தொடங்கும். நான் எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகு பக்கத்திலேயே ஈயம் வைத்தேன், சென்சாரின் வோல்ட் அசைவு பாதியாகக் குறைந்தது. முதலில் ஈயம், கடைசியில் காந்தம்.

சரியாக வந்த பிறகு அளந்தால், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு 1.7 முதல் 3.3 வோல்ட். குறைவாகத் தெரியும். ஆனால் ஐந்து வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும் சிப்பில் இது முந்நூற்றுச் சொச்சம் படி. பழைய பொட் தன் 300 டிகிரியில் 44 டிகிரியை மட்டும் பயன்படுத்தி, நூற்றைம்பது படிதான் கொடுத்துக்கொண்டிருந்தது. திசை தலைகீழாக வந்தது, அதற்கு எதையும் பிரிக்கவில்லை, விளையாட்டிலேயே அச்சைத் திருப்பிப் போடும் வசதி இருக்கிறது. மற்ற பொட்டுகளையும் ஹாலாக மாற்ற நினைப்பவர்கள் காந்தங்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், ஒன்றின் புலம் பக்கத்துச் சென்சாரில் ஏறினால் சாய்க்கும்போது ரடரும் சேர்ந்து திரும்பும்.

ரடரின் டெட் ஸோன் இப்போது சுழியம். அன்று மாலை சுபாங் 15-இல் பக்கக் காற்று பத்து நாட் வேகம் வைத்து இறங்கினேன். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடது பக்கம்தான், அது என் கைக் கோளாறு. பக்கவாட்டுக்கு மாமா திருப்பிவைத்த அதே பழைய பொட்தான் இன்னும் ஓடுகிறது. அது தேய்ந்தால் எதிர்ப் பக்கம் அறுபது டிகிரி புதுத் தடம் மிச்சம் இருக்கிறது.